பத்து நூல்

கைப்பையைத் திறந்தாலே கியர் ஆயில் வாசம் வருகிறது. மெக்கானிக் வேலை முடிந்து வந்த உங்கள் சட்டையில் இந்த வாசம் இருந்த காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு தனி வாளியில் ஊறப்போடுவேன். இன்று பையைத் திறப்பதும் முகர்ந்து பார்ப்பதுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

உள்ளே இருப்பது ஒரு பழைய ஆயில் சீல், தண்டைக் கவ்வி எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையம். உங்கள் டூல் பெட்டியின் அடியில் காகிதம் சுற்றிக் கிடந்தது.

என் தங்கை மகளுக்கு அடுத்த மாதம் கீழப்பழுவூரில் கல்யாணம். "பெரியப்பா ஜீப்புலதான் நீங்க வந்து எறங்கணும் பெரியம்மா" என்று பிடிவாதம் பிடிக்கிறாள். நீங்கள் போன பிறகு ஷெட்டை விட்டு நகராத வண்டி. கியர்பாக்ஸ் வேறு கத்துகிறது. அதனால் பெரம்பலூரில் உங்கள் சிநேகிதர், அந்தப் பழைய மெக்கானிக்கிடமே கொண்டுபோய் விட்டேன்.

அவர் கியர்பாக்ஸைப் பிரித்து, பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றினார். கரகரவென்றது. மேலே இருந்த நம்பர் தேய்ந்துபோயிருந்ததால் உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றையும் வெர்னியரில் அளந்தோம். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். "பேரிங் ஆடுது டீச்சர். இத மாத்தாம சீல மட்டும் மாத்துனா பத்து நாள் தாங்காது" என்றார். சீல் என்றதும் பெட்டியில் பார்த்தது நினைவு வந்தது. எடுத்து நீட்டினேன்.

"இது வேணாம் டீச்சர். அன்னைக்கிக் காதுகுத்துக்குப் போறப்ப ஒழுகிச்சே, அந்த சீலு இதான்."

"வாயைத் திருப்பிப் போட்டதாலதானே ஒழுகிச்சு?"

"யாரு சொன்னா? நாந்தானே கழட்டுனேன். வாயி எண்ணெயப் பாத்துத்தான் இருந்துச்சு. சைசுதான் ஆவல. தண்டு ஒண்ணேகால் இஞ்சு, இது முப்பத்திரெண்டு மில்லி. லூசா நிக்கும்ல?"

சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தேன். சிவப்பு மையில், என் கையெழுத்தில், 32 மி.மீ. கீழே இரண்டு கோடு.

அரையாண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன் அன்று. எண்ணெய்க் கையோடு வந்து நின்றீர்கள். உங்களுக்கு எல்லாமே நூல் கணக்குத்தான்; எட்டு நூல் ஓர் இஞ்ச். "டீச்சரம்மா, பத்து நூலுன்னா எத்தன மில்லி?" தலை நிமிராமல் போட்டேன். முப்பத்தொன்று புள்ளி ஏழு ஐந்து. கடையில் போய்க் கால் மில்லிக்கு வழக்காடுவீர்களா என்று முழு எண்ணாக்கி எழுதிக் கொடுத்தேன். "நீங்க சொன்னா சரி" என்று வாங்கிப் போனீர்கள். அந்தச் சீட்டைப் பற்றிப் பிறகு நான் நினைக்கவே இல்லை.

காதுகுத்துக்குப் போகையில் அரியலூரைத் தாண்டியதும் வண்டி நின்றது. ரோட்டில் நமக்குப் பின்னால் நீளமாக எண்ணெய்க் கோடு. சிமென்ட் லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. சீர்த்தட்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு நாங்கள் ஓரத்தில் நின்றோம். போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்குக் காது குத்தி முடித்துப் பந்தியும் பாதி ஆகியிருந்தது. சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் உங்களை வாங்கு வாங்கு என்று வாங்கினேன். நீங்கள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, "என் தப்புதான். சீலோட வாயத் திருப்பிப் போட்டுட்டேன்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதோடு விட்டேனா? பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டால், "சீல் மாட்டுன ஆளாச்சே" என்பேன். சாவியைத் தலைகீழாக நுழைத்தாலும் அதேதான். இருபது வருஷத்துக்கு மேல் சொல்லிக் காட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட முகம் மாறவில்லை உங்களுக்கு.

மெக்கானிக்கிடம், அவருக்குத் தெரிந்துமா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் கேட்டேன் டீச்சர். பிசிக்ஸ் டீச்சர் கணக்குல தப்புன்னு ஊருக்குள்ள பேசுவாங்க, மெக்கானிக் புத்தி கெட்டவன்னா யாரு கேக்கப்போறான்னாரு. வேற சீலு தேடித் திருச்சிக்குப் பஸ் ஏறிட்டாரு" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. உங்கள்மேல் கோபமும் வந்தது. ஒரே ஒரு முறை, வீட்டுக்குள் வைத்தாவது சொல்லியிருக்கலாம். நானும் திருந்தியிருப்பேன். கணக்கின் நடுவில் முழு எண்ணாக்காதே என்று வருஷா வருஷம் பிள்ளைகளைத் திட்டியவள் நான்.

கடைக்கு இன்று நானே சீட்டு எழுதினேன். பேரிங்குக்கு மூன்று அளவு. சீலுக்கு மட்டும் 'பத்து நூல், இஞ்ச் சைஸ்' என்று எழுதினேன். மெக்கானிக் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பழைய சீலைப் பையிலேயே வைத்திருக்கிறேன். கல்யாணத்தன்று பந்தியில் அதே சொந்தக்காரர்கள் இருப்பார்கள். யாராவது அந்தக் கதையை எடுப்பார்கள், எடுக்காவிட்டால் நான் எடுப்பேன். சீலை இலைக்குப் பக்கத்தில் வைத்து, கணக்கு என்னுடையது என்று சொல்வேன். வாயைத் திருப்பிப் போட்டது நீங்கள் இல்லை என்று சொல்வேன். நீங்கள் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.