மேகமல்ல, பனிக்கட்டி

கிளிநொச்சி விடுதி
1983 மாசி

அன்புள்ள அப்பா,

எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதுகிறேன். நான் சுகம். அம்மாவின் இருமல் குறைந்ததா?

நிலமே உறைந்து கிடக்கும் சைபீரியாவில், கோடையிலும் ஆறுகளின்மேல் பனிக்கட்டி வெளிகள் இருக்கின்றன. சஞ்சிகையிலிருந்த, வானிலிருந்து எடுத்த செய்மதிப் படங்களைப் பார்த்து அவற்றைக் கண்காட்சிக்கு வரைந்தேன். கமலாசனி ரீச்சர் சிவப்பு மையால் குறுக்கே கீறினார்.

"மேகத்தைப் பனிக்கட்டி எண்டு கீறியிருக்கிறாய், விசரி!"

"வைகாசிப் படத்திலயும் ஆனிப் படத்திலயும் அதே இடத்தில கிடக்குது, ரீச்சர். மேகமெண்டால் நிக்குமோ?"

"தோட்டக்காட்டுக்கு வாயைப் பார்! வெளியில நில்."

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்று வகுப்பே சிரித்தது. கவலைப்படாதீர்கள், நிழலில்தான் நின்றேன். ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டை மன்னிக்க மாட்டேன். மறுபடி வரைந்து அதிபரிடமே கொடுப்பேன்.

படியெடுக்கும் தாள் ஊடுதெரிவதற்காக அதில் பூசியே தலைக்கு வைக்கும் எண்ணெய் முடிந்துவிட்டது. ஒரு போத்தல் அனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தாலும் நல்லது. இங்கே யாரும் என்னோடு கதைப்பதில்லை, அதனால் வரைய நிறைய நேரமிருக்கிறது.

மகள் ஞானேஸ்வரி

விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.