கதவு மூடிய பிறகு

நேற்று நம் மகளைப் பார்க்கக் கூடுவாஞ்சேரி போனேன். அங்கிருந்து இருவரும் பட்டணத்துக்குப் போய் மெட்ரோ ஏறினோம். கதவு திறந்ததும் முகத்தில் அடித்த குளிர்காற்றில், தரை துடைக்கும் மருந்தின் வாசனை. உங்கள் நினைவு வந்தது. பாசத்தோடு இல்லை.

டெல்லிக்கு ஆபீஸ் வேலையாகப் போனபோது என்னையும் கூட்டிப் போனீர்கள். கரோல் பாக்கில் சால்வை வாங்கப் புறப்பட்டோம். மெட்ரோவில் ரயில் மாறும் இடத்தில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் முழித்தீர்கள். கல்பாக்கத்தில் பக்கத்து வீட்டு பீகார் அக்காவிடம் பேசிப் பேசி எனக்குக் கொஞ்சம் இந்தி வந்திருந்தது. ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

“ஏங்க, அந்தாண்ட பக்கமாம்.”

கூட வந்த உங்கள் ஆபீஸ் நண்பர் சிரித்தார். “சார், மேடம் இந்தில பின்றாங்களே!” அவர் வேறு வேலையாகக் கிளம்பினார். உங்கள் முகம் கடுகடுத்தது.

அந்தாண்ட பக்க ரயிலில்தான் ஏறினோம். அடுத்த நிலையத்தில், ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கினீர்கள். நான் நெரிசலைப் பிளந்து வருவதற்குள் கதவு மூடிவிட்டது. என் போன் உங்கள் பையில். அதற்கடுத்த நிலையத்தில் இறங்கி, திரும்பி வந்து, நடைமேடை முழுக்கத் தேடினேன். நெஞ்சு வலியோ, அதனால்தான் சொல்லக்கூட முடியாமல் இறங்கினீர்களோ என்று பயந்தேன். எனக்காகப் பயப்படத் தோன்றவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால்தான் அதிகம் எரிகிறது.

விசாரித்து விசாரித்து விடுதிக்கு வந்து சேர்ந்தேன். கட்டிலில் சாய்ந்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

“இன்னா, வந்துட்டியா? உனக்குத்தான் இந்தி தெரியுமே.”

ஊர் திரும்பியதும் அதைக் கதையாக்கினீர்கள். “இறங்குடின்னேன், பராக்கு பாத்துகினு நின்னுட்டா. டெல்லில தொலைஞ்சு போய்ட்டா!” கல்யாணம், காதுகுத்து, ஒன்று விடவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நான் பந்திக்கு இலை போட்டேன்.

உங்கள் காரியத்தன்று நம் புதுப்பட்டினம் வீட்டில் அந்த நண்பர் அதே கதையை எடுத்தார். துக்கத்துக்கு நடுவே ஒரு சிரிப்பு வரட்டுமே என்று நினைத்திருப்பார். நம் மகளும் சிரித்தாள்.

“அண்ணே, நான் தொலையல,” என்றேன். “உங்க முன்னாடி வழி சொல்லிட்டேன்னு, என்னை ரயில்லயே வுட்டுட்டு எறங்கிப் போய்ட்டாரு.”

நண்பர் தலை குனிந்தார். உங்கள் தங்கைதான் பாய்ந்தாள்: “செத்த மனுசனைப் பத்தி இப்பப் பேசணுமா அண்ணி?”

“உயிரோட இருந்தப்ப பேச வுட்டாரா?”

சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

நேற்று வண்டி நகர்ந்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இத்தினி வருசமா நானும் சிரிச்சிருக்கேனேம்மா,” என்றாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே நீங்கள் சொல்லிக்கொடுத்த சிரிப்பு அது. பிறகு மெதுவாக, “அப்பாவ மன்னிச்சிடேன்,” என்றாள்.

நீங்கள் போன பிறகு எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். கோபம் ஆறிவிடுமாம். ஆறும்போது ஆறட்டும். எனக்கு அவசரமில்லை.