ஏழாவது துண்டு

மே 6, திங்கள்

அக்காவுக்கு,

டப்பாவைக் கழுவித் துடைத்து அனுப்பியிருக்கிறேன். போனில் பேசினால் நான் கத்துகிறேன், அதனால் எழுது என்றாய். எழுதுகிறேன். வழக்கம்போல டப்பாவுக்குள்ளேயே வைத்து பஸ் பார்சலில் போட்டாயிற்று.

அப்பாவின் ரத்தத்தில் பொட்டாசியம் 5.4. ஜனவரியில் 4.7. சிறுநீரகம் பாதி வேலைகூடச் செய்யாத மனிதருக்கு இது ஐந்தைத் தாண்டவே கூடாது. ஆறைத் தொட்டால் இதயம் எந்த நிமிஷமும் நின்றுபோகலாம், அதற்கு முன்னால் டயாலிசிஸ் ஆரம்பித்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், கையில் ஊசியோடு. நம் அப்பா அப்படிப் படுத்துக் கிடக்கிற ஆள் இல்லை என்பது உனக்கும் தெரியும்.

அம்மா போனதிலிருந்து சமையல் என் கையில். காயை இரண்டு தண்ணீரில் வேகவைத்துக் கொட்டுகிறேன். வாழைப்பழம், இளநீர், தக்காளி எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை. ரத்த அழுத்தத்துக்காக உப்பு விஷயத்தையும் கவனித்தாயிற்று. சூப் கசக்கிறது என்று அவர் தினமும் புலம்புகிறார். நான் சமைத்து அவருக்கு எது பிடித்திருக்கிறது?

பிப்ரவரிக்குப் பிறகு இந்த வீட்டுக்குள் புதிதாக நுழைந்தது உன் கேக் ஒன்றுதான். அதில் என்னென்ன போடுகிறாய், எவ்வளவு, எந்த வரிசையில், எல்லாம் வேண்டும். 'கொஞ்சம்', 'ஒரு கை' என்று எழுதாதே. கிராமில் எழுது.

தம்பி

*

மே 10, வெள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், நலம். ஓவன் கதவு சரியாக மூடாமல், ஒரு ஸ்டூலை முட்டுக்கொடுத்துக் காலத்தை ஓட்டுகிறேன். அப்பாவின் எண்ணை இரண்டு தடவை படித்தேன். நீ கேட்ட தொனியை அதற்காக மன்னித்தேன்.

கடைகளுக்கு நான் போடும் காய்கறிக் கேக் வேறு, அப்பாவுக்குப் போடுவது வேறு. கடையில் பால் வேண்டாம், முட்டை வேண்டாம், கூடவே வெல்லம் வேண்டும், பேரீச்சம்பழம் வேண்டும், கோதுமை வேண்டும், பீட்ரூட்டைத் தோலோடு அரைத்தால் இன்னும் சந்தோஷம். ஆரோக்கியமாம். அத்தனையிலும் பொட்டாசியம் கொட்டிக் கிடக்கிறது. அப்பாவுக்கு எல்லாம் தலைகீழ். மைதா 200 கிராம். வெள்ளைச் சர்க்கரை 120. நல்லவேளை, அவருக்குச் சர்க்கரை நோய் ஒன்றுதான் இன்னும் வரவில்லை. எண்ணெய் 70. டாக்டர் பாலைக் குறைக்கச் சொன்னதால் பாலுக்குப் பதில் தண்ணீர். சமையல் சோடா அரை ஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு ஸ்பூன். முட்டை செய்கிற வேலையைச் சுரைக்காய் செய்கிறது. 250 கிராம் துருவி, நாலு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அதையும் கொட்டி, துணியில் கட்டிப் பிழிகிறேன். சில வாரம் சுரைக்காய்க்குப் பதில் காலிஃபிளவர். அதற்கும் இதே குளியல்தான்.

நீ வேறு ஏதாவது மாற்றினாயா? யோசித்துப் பார்.

டப்பாவில் எப்போதும்போல ஏழு துண்டு. அப்பாவுக்கு ஆறு, ஞாயிற்றுக்கிழமை அவர் நாக்குக்கு விடுமுறை. ஏழாவது உனக்கு. சாப்பிட்டுவிட்டு ருசி எப்படி என்று ஒரு வரி எழுதேன். மூன்று மாதமாகக் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா

*

மே 13, திங்கள்

அக்காவுக்கு,

பட்டியல் கிடைத்தது. ஆனால் கணக்கு உதைக்கிறது. மைதா வெள்ளை. சர்க்கரை வெள்ளை. சுரைக்காய் வெளிர் பச்சை. இந்த மூன்றும் சேர்ந்தால் கேக் எப்படி இப்படிப் பழுப்பாக வரும்? மேலே மட்டும் பழுப்பு என்றால் ஓவன் சூடு என்று விட்டிருப்பேன். நடுவில் வெட்டிப் பார்த்தேன், உள்ளேயும் அதே நிறம். ஒன்று வெல்லம், இல்லாவிட்டால் கோகோ, இல்லாவிட்டால் கடைக்குக் கலக்கிய பாத்திரத்தைக் கழுவாமல் அப்பாவுக்கும் கலக்குகிறாய்.

நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை. நீ சொல்வதும் என் கண் பார்ப்பதும் பொருந்தவில்லை என்கிறேன்.

வெல்ல வாசனை வருகிறதா என்று அப்பாவைக் கேட்டேன். "என் வாய் என்ன உன் ஆய்வுக்கூடமாடா? நல்லா இருக்கு, அவ்வளவுதான் தெரியும்" என்றார். இந்த மாதிரிச் சாட்சியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நான் மாற்றியது பற்றிக் கேட்டாய். நான் செய்வதெல்லாம் படித்துவிட்டு, அளந்து செய்வது. அந்தப் பக்கம் தேட வேண்டாம்.

என் துண்டைச் சாப்பிடவில்லை. மாதிரிக்காக ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. இன்றிலிருந்து அப்பாவுக்கும் கேக் நிறுத்தம்.

தம்பி

*

மே 17, வெள்ளி

தம்பிக்கு,

சர்க்கரையில் கால் பங்கை எடுத்து வாணலியில் உருக்குவேன். கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்கித் தண்ணீர் ஊற்றினால் நல்ல பழுப்புப் பாகு வரும். நிறம் அதுதான். அந்த ஒரு நொடிக்காக மூன்று தடவை கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். எதற்கு என்கிறாயா? முதல் வாரம் வெள்ளையாக அனுப்பினேன். "ஆஸ்பத்திரிப் பஞ்சு மாதிரி இருக்கும்மா" என்று அப்பா போனில் சொன்னார். உனக்கு இது தெரியாது. நீ வேலைக்குப் போயிருந்தாய்.

அப்பாவின் பாத்திரம் தனி. கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.

இந்த வாரமும் ஏழு துண்டு வைத்திருக்கிறேன். நிறுத்தியது நீ. நான் இன்னும் நிறுத்தவில்லை. சின்ன வயதில் உன் பென்சில் காணாமல் போனால் முதலில் என் பையைத்தான் கவிழ்ப்பாய். பாதி நேரம் அது உன் காதில் சொருகியிருக்கும். அந்த ஞாபகத்தில்தான் திரும்பக் கேட்கிறேன்: வீட்டில் வேறு என்ன மாறியது?

அக்கா

*

மே 27, திங்கள்

அக்காவுக்கு,

இரண்டு வாரத்து டப்பாவையும் திறக்காமல் திருப்பி அனுப்புகிறேன்.

கேக் நிறுத்தி இரண்டு வாரம். போன வெள்ளிக்கிழமை எண் 5.8. குறையவில்லை, ஏறியிருக்கிறது. நீ உடனே 'பார்த்தாயா, கேக் இல்லை' என்பாய். அவசரப்படாதே. கேக் வீட்டில் இருந்தது, அப்பாவும் வீட்டில்தான் இருந்தார். நான் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை வேலையில். அதனால் தினமும் கிளம்பும்போது டப்பாவை எடை போட்டு எழுதிவைத்தேன். நாளுக்கு இரண்டு மூன்று கிராம் குறைகிறது. மூடி இறுக்கமில்லை, ஈரம் போகிறது என்று சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. அவர் சட்டைப் பைகளைப் பார்த்தேன். தலையணை உறைக்குள்ளும் பார்த்தேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்து நின்றார். "முப்பத்திரண்டு வருஷம் ரயில்ல டிக்கெட் கேட்டவன் நான். என்கிட்டயே டிக்கெட் கேக்குறீங்களா, பரிசோதகர் ஐயா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ தனியாக ஏதாவது அனுப்புகிறாயா, பக்கத்து வீட்டு விலாசத்துக்கு வருகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் நம்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் சொன்னேன்: "உங்க பொண்ணு அனுப்பினது கேக் இல்லப்பா. மெதுவான விஷம்."

அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சூப்பைக் குடிக்கிறார், கசக்கிறது என்றுகூடச் சொல்வதில்லை.

அடுத்த பரிசோதனை ஜூன் ஏழு. ஆறைத் தாண்டினால் அன்றைக்கே படுக்கவைப்பார்கள். நீ மறைக்கிறது ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடு.

தம்பி

*

மே 31, வெள்ளி

தம்பிக்கு,

திருப்பி அனுப்பிய கேக்கை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினாலு துண்டு. ஒன்றின் விளிம்புகூட உடையவில்லை.

அந்த வார்த்தையை அப்பாவிடம் சொல்லிவிட்டு, எனக்கும் எழுதித் தெரிவிக்கிறாய். அதுவும் பரிசோதனை முடிவு மாதிரி. உன் கடிதம் வந்ததிலிருந்து என்ன நடக்கிறது தெரியுமா? சர்க்கரை டப்பாவைத் திறந்தால் சர்க்கரைதானா என்று நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். சுரைக்காயை மூன்று தண்ணீரில் போடுகிறேன். கடை ஆர்டர் இரண்டை வேண்டாம் என்றுவிட்டேன். உன்னை நம்பி அல்ல. ஒருவேளை நீ சொல்வது சரியாக இருந்தால் என்ற பயம். என் கை செய்ததையே நான் சந்தேகப்படும்படி செய்துவிட்டாய்.

நீ வேலை பார்ப்பது தண்ணீரில் என்ன உப்பு கரைந்திருக்கிறது என்று அளக்கிற இடம். உன் ஃப்ரீசரில் என் கேக் இருக்கிறது. மூன்று வாரமாக அதை அளக்காமல் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாய். அளந்து பார். வருகிற எண்ணை எழுது. அதுவரை எழுதாதே.

அக்கா

*

ஜூன் 10, திங்கள்

அக்காவுக்கு,

எண்ணை எழுதச் சொன்னாய். உன் கேக்கில், ஐம்பது கிராம் துண்டு ஒன்றில், பொட்டாசியம் 42 மில்லிகிராம். பாதி வாழைப்பழத்தில் இதைப்போல ஐந்து மடங்கு இருக்கும். மூன்று முறை அளந்தேன். 42, 41, 42. அப்பாவுக்கு இதைவிடப் பத்திரமான இனிப்பை எந்த ஆஸ்பத்திரியிலும் செய்ய முடியாது.

மீதியையும் எழுதிவிடுகிறேன். இடையில் நிறுத்தினால் எழுத மாட்டேன்.

42 என்று வந்ததும் கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சரிபார்க்க, பொட்டாசியமே இல்லாத ஒன்றைப் போட்டு அளக்க வேண்டும். உப்பில் அது இருக்காது என்று நம்பி, மறுநாள் நம் சமையலறை உப்பைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போனேன். கரைத்துப் போட்டேன். அளவு எகிறி முள் முட்டிக்கொண்டு நின்றது. குழாயைக் கழுவினேன், புதுக் கரைசல் செய்தேன், பக்கத்து மேசைக்காரரை விட்டு அளக்கச் சொன்னேன். அவர், "இது என்ன உப்பு சார்?" என்றார்.

வீட்டுக்கு வந்து பாக்கெட்டைப் பார்த்தேன். முன்னால் சிவப்பில் இதயம் படம். சோடியம் பாதிதான், இதயத்துக்கு நல்லது என்று பெரிதாக. பின்னால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் மீதிப் பாதி என்னவென்று போட்டிருக்கிறது. பொட்டாசியம் குளோரைடு. அதற்குக் கீழே இன்னொரு வரி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று. அரை ஸ்பூனில் எண்ணூறு மில்லிகிராமுக்குப் பக்கம். உன் கேக்கில் பத்தொன்பது துண்டுக்குச் சமம்.

வாங்கியது நான். பிப்ரவரி முதல் வாரம், உன் முதல் டப்பா வந்த அதே வாரம். இது நல்ல உப்பு, வேண்டிய மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் சொன்னதும் நான். சூப் கசந்தது அதனால்தான். அவர் தினமும் சொன்னார். ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் ஏப்ரலில், உப்புக்குப் பதில் ஏதாவது... என்று கேட்க ஆரம்பித்தார். முடிக்கவிடாமல், உப்பெல்லாம் குறைத்தாயிற்று, அடுத்த கேள்வி என்றேன். நீ இரண்டு தடவை கேட்டாய்.

அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை 5.9. உப்பைக் கண்டுபிடித்ததைச் சொன்ன பிறகு டாக்டர் மருந்து கொடுத்து இரண்டு வாரம் தவணை தந்திருக்கிறார். பாக்கெட்டை அப்பா முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்க எழுத்தை முழுக்கப் படித்தார். "அக்காவுக்கு எழுதிட்டியா?" என்று கேட்டார்.

எழுதிவிட்டேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னுடையது.

தம்பி

*

ஜூன் 24, திங்கள்

அக்காவுக்கு,

நீ பதில் போடவில்லை. போனில் மூன்று தடவை மணி போய் நின்றது. நாலாவது தடவை நான் அடிக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை.

முதலில் எண். 4.9. டயாலிசிஸ் பேச்சை டாக்டர் இப்போதைக்கு எடுக்கவில்லை. சாதாரண உப்பு, அதுவும் கால் ஸ்பூன். சூப் இப்போது கசக்கவில்லையாம், சப்பென்று இருக்கிறதாம். புலம்ப ஆரம்பித்துவிட்டார். கேட்க நன்றாக இருக்கிறது.

சனிக்கிழமை டப்பா வந்தது. பார்சல் ஆபீஸிலேயே கடிதத்தைத் தேடினேன். அடியில் போட்டிருந்த தாளையும் தூக்கிப் பார்த்தேன். இல்லை. வீட்டுக்கு வந்து துண்டுகளை எண்ணினேன். ஆறு. திரும்ப எண்ணினேன். ஆறுதான். நீ எண்ணிக்கையில் தப்பு செய்கிற ஆள் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

தட்டில் ஒன்றை வைத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு டப்பாவை மூடினேன். அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் பெட்டி பெட்டியாக ஆள் எண்ணியவர், அவரிடம் எதை மறைப்பது?

"என்ன பரிசோதகர் ஐயா, டிக்கெட் இல்லாம ஏறிட்டீங்களா?" என்றார்.

ஆமாம்ப்பா என்றேன்.

துண்டை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை என் பக்கம் தள்ளினார். நான் வேண்டாம் என்றேன், அது உங்கள் அளவு என்றேன். "ஒண்ணும் சொல்லாம சாப்பிடுடா" என்றார்.

அக்கா, இந்தக் கேக்கை நான் எடை போட்டிருக்கிறேன். வெட்டி நிறம் பார்த்திருக்கிறேன், உறையவைத்திருக்கிறேன், எரித்துச் சாம்பலாக்கிக் கரைத்து அளந்திருக்கிறேன். வாயில் வைத்தது அன்றைக்குத்தான்.

அடுத்த டப்பாவில் ஏழு வை என்று கேட்க மாட்டேன். ஆறே வரட்டும். மூடி தளர்ந்திருந்தது, தட்டிச் சரிசெய்து அனுப்பியிருக்கிறேன், இனி ஈரம் போகாது. ஓவன் கதவுக்கு ஸ்பிரிங் மாற்றினால் போதும். மாடல் எண் எழுதினால் வாங்கி அனுப்புகிறேன். எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

ருசி எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நன்றாக இருக்கிறது. சுரைக்காய் என்று தெரியவே இல்லை. கடைசியில், தொண்டைக்குள் போகும்போது, அந்தப் பாகு லேசாகக் கசக்கிறது. கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்கியது தெரிகிறது.

தம்பி