பாப்பா படி

திருச்சுழி,
10.2.1969

அன்புள்ள மாமாவுக்கு,

சங்கரம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாடும் ஆடுகளும் சுகம். சுகம் என்று எழுதாமல் கடிதம் தொடங்கக் கூடாதாமே, அதனால் எழுதிவிட்டேன். பம்பாய்த் தண்ணீர் உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா? கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை என்று கேள்விப்பட்டேன். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேய்க்க அங்கே யார் இருக்கிறார்கள்?

உங்கள் கார்டு வந்தது. நாலே வரி. நிலத்தை நல்லகண்ணுவுக்கு விற்றுவிட்டு நீயும் இங்கே வந்துவிடு, இனி அந்த மண்ணை மிதிக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கார்டில் எழுதினால் தபால்காரர் படிக்காமல் கொடுப்பாரா? எனக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் பங்காளி நல்லகண்ணு அன்று சாயங்காலமே நம் வரப்பில் நடந்து காலடி போட்டு அளக்கிறான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! அதனால்தான் நான் கவர் வாங்கி எழுதுகிறேன்.

கவர் மேல் உங்கள் பெயரை எழுத வேண்டியிருக்கிறது. புருஷன் பெயரை வாயால் சொன்னால்தான் தப்பு, கையால் எழுதினால் ஒன்றும் இல்லை என்று பக்கத்து வீட்டு ராமலட்சுமி மதினி சொன்னாள். என்ன பெரிய சட்டமோ. உங்கள் அம்மா பெயரைப் பாப்பாவுக்கு வைத்தீர்கள். மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்று, பெற்ற பிள்ளையை ஏழு வருஷம் நான் ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காய்ச்சலில் அவள் கண் மூடிக் கிடந்த அந்த மூன்று நாளும் “பாப்பா, பாப்பா” என்றுதான் கத்தினேன். பெயரைச் சொல்லியிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பாளோ என்று இப்போதும் தோன்றுகிறது. பைத்தியக்காரத்தனம்தான், தெரியும்.

ஐப்பசி முழுக்க வானம் ஏமாற்றிவிட்டது. கார்த்திகையில்தான் பத்து நாள் பெய்தது. நான் உழச் சொல்லவே இல்லை. நம்மிடம் கூலிக்கு அறுக்க வரும் பெரியவர் மொக்கையன்தான் தன் மாட்டையே பூட்டிக்கொண்டு வந்து, “வெத குதிர்ல கிடந்து என்ன செய்யப்போகுது தாயி, மண்ணுலயாச்சும் கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு உழுதார். குதிரைவாலி விதைத்தோம். களை எடுக்க ஆள் கூப்பிடக்கூட எனக்கு மனசு இல்லை. மதினிதான் நாலு பேரைக் கூட்டிவந்தாள். பாப்பா போன பிறகு நாற்பது நாள் என் வாசலில் காலையில் ஒரு குடம் தண்ணீர் இருந்ததே, அதுவும் அவள் வைத்ததுதானாம். இதுவரை சொல்லவில்லை, கேட்டால் சண்டைக்கு வருகிறாள். அவள் பிள்ளைகள் நல்லா இருக்கணும்.

சாமியோடு என் சண்டை இன்னும் தீரவில்லை. ஒரு வருஷம் மாடத்தில் விளக்கு வைக்கவில்லை. உனக்கு வெளிச்சம் ஒரு கேடா என்றுதான் இருந்தேன். பாப்பா வளர்த்த சுட்டி ஆடு மட்டும் விடியக்காலம் வந்து முந்தானையைக் கடித்து இழுக்கும். அதற்குத் துக்கமா தெரியும், தழை வேண்டும். அதற்காக எழுந்து எழுந்துதான் இந்த வருஷம் ஓடியது.

இனி களத்துக்கு வருகிறேன். போன வருஷம் தை மாதம் நீங்கள் அளக்க நின்றது மறக்குமா? பாப்பா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. படியை நிறைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள், வாய் திறக்கவில்லை. முதல் படியை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று சொல்வதை மறந்துவிட்டீர்களோ என்று மொக்கையன், “லாபம்னு சொல்லுங்க தம்பி” என்று எடுத்துக்கொடுத்தார். “எனக்கு ஏதுய்யா லாபம்” என்று படியைக் கல்லில் எறிந்தீர்கள். மறுநாள் அருப்புக்கோட்டை பஸ் ஏறியவர்தான். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. எறிய என் கையில் படி இல்லை, அவ்வளவுதான்.

இந்த வருஷம் நல்லகண்ணு வந்து, “பொம்பளை படி பிடிக்கக் கூடாது, நான் அளந்து தாரேன்” என்றான். எனக்கு வந்ததே கோபம்! “உங்க வீட்டுக் களத்துல போய் அளங்க கொழுந்தனாரே” என்று சொல்லிவிட்டு மதினி வீட்டுப் படியை வாங்கிக்கொண்டு நானே உட்கார்ந்தேன். அறுத்தவர்களுக்கு ஆளுக்கு ஆறு படி கூலி. மொக்கையன் முதலில் துண்டை விரித்தார். படியை நிறைத்துப் போட்டேன். “லாபம்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. தொடர்ந்து போட்டுக்கொண்டே போய் “ஆறு” என்று நிறுத்தினேன். அவர் துண்டைக் கட்டவில்லை, என் முகத்தையே பார்க்கிறார். பிறகு மெதுவாக, “தாயி, பாப்பா படியும் விழுந்திருச்சு” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாபத்துக்கு அடுத்தது ரெண்டு என்று நீங்கள் எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தீர்கள்? அவளுக்கு அது பிடிபட்டதே இல்லை. லாபம் சொன்ன கையோடு “ஒண்ணு” என்றுதான் ஆரம்பிப்பாள். ஆறு படி கூலி ஏழாகிவிடும். “பிள்ள வாயில வந்தத மாத்தக் கூடாது” என்று நீங்களும் சிரித்துக்கொண்டே ஏழையும் போடுவீர்கள். அந்தக் கூடுதல் படிக்கு அவர்கள் பாப்பா படி என்று பெயர் வைத்தார்கள். நானும் லாபம் சொல்லி, ஒண்ணு என்று எண்ணியிருக்கிறேன். தெரிந்து செய்யவில்லை மாமா, சத்தியமாக.

மொக்கையன் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மற்ற பத்துப் பேருக்கும் அப்படியே ஏழு ஏழாக அளந்தேன். அளந்து முடித்துத் தானியத்தின் மேலேயே விழுந்து வாய்விட்டு அழுதேன். பாப்பா போன அன்றைக்குக்கூட எனக்கு அப்படி அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து கூழ் குடித்தேன். உப்புப் பத்தவில்லை என்று எழுந்துபோய் உப்புப் போட்டேன். ஒரு வருஷமாக உப்பு இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மாடத்தில் விளக்கும் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை, ஏழு வருஷம் வைத்திருக்கக் கொடுத்தாயே, சரி என்று மட்டும் சொன்னேன். இப்போது சாமியோடு பேச்சுவார்த்தை இருக்கிறது.

ஏதுய்யா லாபம் என்று கேட்டீர்களே. மொத்தம் எத்தனை படி தேறும் என்று தெரிந்தா முதல் படியை லாபம் என்கிறோம்? குவியல் பெரிதோ சிறிதோ, கைக்கு வந்த முதல் படி லாபம். எனக்கு அந்த ஏழு வருஷம் அப்படித்தான். அதை நஷ்டத்தில் எழுத என்னால் முடியாது. நீங்களும் எழுதாதீர்கள்.

நிலத்தை விற்கக் கையெழுத்துப் போட மாட்டேன். திட்டுவதானால் நேரில் வந்து திட்டுங்கள். விதைக்குக் குதிரைவாலி எடுத்துவைத்திருக்கிறேன். நீங்கள் எறிந்த படி விளிம்பு நெளிந்தபடியே ஆணியில் தொங்குகிறது. கொல்லரிடம் கொடு, ஒரு தட்டில் நிமிர்ந்துவிடும் என்று எல்லாரும் சொல்லியாயிற்று. நான் கொடுக்கவில்லை. நெளித்தவர் வந்து நிமிர்த்தட்டும்.

அடுத்த தைக்கு லாபம் என்று நீங்கள் சொல்லுங்கள். ஒண்ணு என்று நான் சொல்லிக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்துவிடுங்கள் மாமா.

உங்கள் அம்மா பெயரை எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். கையால் எழுதினால் தப்பில்லையாம்.

இப்படிக்கு,
பெத்தம்மாளின் அம்மா
சங்கரம்மாள்