நாற்காலியில் இருக்கும் தேவதாரு

விஸ்கான்சின், நவம்பர் 1956

அம்மாவுக்கு, நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

புதன் மாலை, நான் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, எங்கள் துப்பாக்கிப் பட்டறை முதலாளி ஹார்லன் வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எடுத்தார். துப்பாக்கிகளின் பழைய மரக்கட்டைகளை இனி வெள்ளிக்குப் பதில் வியாழனே எரிப்போம். போரில் பிடிபட்ட நம் ஜெர்மன் ராணுவத் துப்பாக்கிகளைக் கழற்றி, இரும்பை வைத்து மான்வேட்டைத் துப்பாக்கி செய்கிறோம், கட்டை பட்டறை அடுப்புக்கு.

அன்று காலை ஒரு கட்டையின் அடியில் இருந்த இரும்புத் தகட்டைக் கழற்றினால், உள்ளே மரத்தில் குட்டித் தேவதாரு செதுக்கியிருந்தது. போரிலிருந்து திரும்பாத ரூப்பெர்ட் அண்ணன் நம் நாற்காலியில் செதுக்கியது போலவே.

"இந்தத் துப்பாக்கி இருந்த பெட்டி எங்கருந்து வந்துச்சு?" என்றேன்.

"போர்லருந்துதான்டா. வேற எங்க, பொம்மைக் கடையிலருந்தா?" என்றார் ஹார்லன்.

அண்ணன் சரணடைந்து கொடுத்ததா, அவன் விழுந்த இடத்தில் யாரோ எடுத்ததா? எனக்குத் தெரியவில்லை. எரிப்பது வெள்ளிதானே, ஒரு நாள் யோசிக்கலாம் என்று கட்டையைக் குவியலிலேயே வைத்தேன்.

நாற்காலியில் அண்ணன் செதுக்கிய மரத்துக்கு மூன்று கிளையா, நான்கா? காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்பு. கம்பளிக் காலுறையும் வேண்டும். தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உன் யோஸ்ட்

நேற்று வியாழன். நான் போவதற்குள் குவியல் முழுதும் அடுப்பில்; பட்டறை நன்றாகச் சூடாக இருந்தது.