மூன்றரைக் கிலோவில் சேராத ரொட்டி

எல்வ்ரம்,
ஜனவரி 19

அன்பு மகள் சுன்னிவாவுக்கு அப்பா எழுதுவது.

பதினாறு வருடங்களுக்கு முன்பு, பனிச்சறுக்குப் பந்தயத்தின் முதலுதவிக் கூடாரத்தில், இரண்டு கம்பளிகளுக்குள் நடுங்கிக்கொண்டு நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, பையில இருந்த ரொட்டிய நான் தின்னிருக்கலாமா?" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. உன் பனிச்சறுக்குக் கட்டைகளை எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன். அந்தப் பதிலைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசி என்றால் நான் வானிலைக்குத் தாவிவிடுவேன், உனக்கே தெரியும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

வழக்கமாக, நாங்கள் நலம், நீயும் அப்படியே இருப்பாய் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவேன். நாங்கள் நலம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து செவ்வாய்க்கிழமைப் பாட்டுக் குழுவுக்கு மறுபடியும் போகிறாள், கூரைப் பனியை இதுவரை இரண்டு முறை தள்ளிவிட்டேன், பெரிய எல்க் மான் ஒன்று வந்து ஆப்பிள் மரத்தின் பட்டையை இடுப்புயரத்துக்கு உரித்துத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. உன் நலத்தைப் பற்றிய பாதியைத்தான் இந்த முறை எழுதக் கை வரவில்லை. போன வாரம் நீ அனுப்பிய செய்தியை அம்மா காபி குடித்துக்கொண்டே எனக்கு வாசித்துக் காட்டினாள். மார்ச்சில் அறுபது கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாய், தினமும் காலையில் வெறும் வயிற்றோடு இரண்டு மணி நேரம் ஓடுகிறாய், இரண்டு தடவை கண் இருட்டி வழியோரம் உட்கார்ந்திருக்கிறாய், நான்கு மாதமாக மாதவிலக்கு இல்லை. இதையெல்லாம் ஏதோ வேடிக்கை போல எழுதிவிட்டு, கடைசியில், "அப்பாகிட்ட சொல்லு, அவர் சொன்ன மாதிரியே கொழுப்பை எரிச்சுக்கிட்டிருக்கேன், இந்த வாட்டி முடிச்சுக் காட்டுறேன்" என்று ஒரு வரி. அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "ஏங்க, அப்படி என்னதான் சொன்னீங்க அவகிட்ட?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் அவளிடமே முதல்முறையாகச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "எங்கிட்ட ஏன் ஒப்பிக்கிறீங்க? அவளுக்கு எழுதுங்க. பாடம் நடத்தாம எழுதுங்க" என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள். பாடம் நடத்தாமல் இருக்க என்னால் முடியுமா தெரியவில்லை, பார்க்கலாம்.

பந்தயத்துக்கு முந்தின மாலை உன் முதுகுப்பையைக் கட்டியது நான். எண்ணூறு வருடங்களுக்கு முன்பு எதிரிகளிடமிருந்து காப்பாற்றக் குட்டி இளவரசனைச் சுமந்துகொண்டு பனிமலையைக் கடந்த வீரர்களின் நினைவாக அந்தப் பந்தயத்தில் எல்லோரும் சுமக்கும் மூன்றரைக் கிலோவை நம் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்தேன். காற்றுத்தடுப்புச் சட்டை, மாற்றுத் துணி, கையுறை, அதோடு பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி நான்கு துண்டு, இரண்டு ஆரஞ்சு, ஒரு சாக்லெட் கட்டி, எல்லாம் சேர்த்து மூன்றரைக் கிலோவும் முப்பது கிராமும். என் மகள் ஒரு பிடி கூட அதிகமாகச் சுமக்கப் போவதில்லை என்று எனக்கு ஒரே பெருமை. முடிவுக் கோட்டில் பையை நிறுப்பார்கள், குறைந்தால் பெயரை அடித்துவிடுவார்கள், அதனால் சாப்பாட்டில் கை வைக்காதே, எல்லாம் முடிந்த பிறகு தின்றுகொள் என்றேன். "நடுவுல பசிச்சா?" என்று கேட்டாய். "உன் உடம்புல பத்து நாளைக்குக் காணும் கொழுப்பு இருக்கு, அதை எரி" என்றேன். பள்ளியில் என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்லும் வாக்கியம்தான். நீ குனிந்து உன் தொடைகளைப் பார்த்துக்கொண்டாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன் சுன்னிவா. பார்த்துவிட்டுப் பையின் பட்டையை இறுக்கிக் கட்டினேன்.

மறுநாள் இரண்டாவது சாவடியில் சூடான பெர்ரிச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நீ ஒரு கோப்பையை எடுத்துவிட்டாய். நான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, "நிக்காதே, நிக்காதே! கொழுப்பை எரி!" என்று கத்தினேன். மாட்டுமணி ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "அட விடுய்யா, பொண்ணு ஒரு வாய் குடிச்சுட்டுப் போகட்டும்" என்றார். "அவகிட்ட சேமிப்பு ஏகப்பட்டது இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உனக்கு அப்போது பதினேழு வயது. கோப்பையைக் குடிக்காமலேயே மேசையில் வைத்துவிட்டுப் போனாய். ஏழு கிலோமீட்டர் தள்ளி, நீண்ட ஏற்றத்தின் பாதியில், பனியில் உட்கார்ந்திருந்த உன்னைப் பனி ஸ்கூட்டரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பை கட்டியது கட்டியபடி இருந்தது.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், "கால் இருக்கு, மனசுதான் பத்தல அவளுக்கு" என்றேன். அது உன் வகுப்பு வரை வந்து சேர்ந்தது என்று பிற்பாடு தெரிந்தது. புதன்கிழமை, பிள்ளைகளைப் பட்டினி போடும் இந்த எடை விதியைக் கண்டித்துப் போட்டி நடத்துபவர்களுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். மேற்கோள் காட்ட விதிப் புத்தகத்தைத் திறந்தேன். மூன்றரைக் கிலோ என்ற வரியை நானே சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். அதற்கு அடுத்த வரி: உணவும் பானமும் இந்த எடையில் சேரா. நான் கட்டிய பை, நீ தின்றாலும் தின்னாவிட்டாலும் எடை குறைந்ததுதான். கேள்வியை முழுக்க வாசிக்காமல் விடை எழுதுகிறவர்களுக்கு முப்பது வருடம் மதிப்பெண் குறைத்தவன் நான். புத்தகத்தை மூடினேன். கண்டனக் கடிதத்தைக் கிழித்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அன்று மாலை நீ சாப்பாட்டு மேசையில் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாய், உருளைக்கிழங்குப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினாய், அப்போதும் சொல்லவில்லை. அந்த வசந்தத்தில் நீ கட்டைகளை விற்றாய், இரண்டு வருடத்தில் உலகத்தின் மறுகோடிக்குப் போனாய், விமான நிலையத்திலும் சொல்லவில்லை.

ஆகவே பதில் இது: தின்றிருக்கலாம். சாறும் குடித்திருக்கலாம். தப்பாக நிறுத்தது நான், நீ உட்கார்ந்ததற்குக் காரணமும் நான்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் சொன்ன பாடமே பாதிதான். நவம்பரில் லில்லெஹாமர் விளையாட்டுக் கல்லூரியில், வயதானவர்களை வைத்து ஏதோ ஆராய்ச்சி என்று கூப்பிட்டார்கள், போனேன். முகமூடி மாட்டி ஓடுபொறியில் ஏற்றி, தொடையில் தீப்பெட்டி அளவு கருவி ஒன்றைக் கட்டினார்கள். தோல் வழியாக ஒளியைச் செலுத்தி, தசையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் கருவி. எல்ட்ரிட் என்ற பெண் கணினியின் முன் இருந்தாள். "காலைல என்ன சாப்பிட்டீங்க ஓட்வார்?" என்றாள். ஒன்றுமில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "அய்யய்யோ, இன்னொரு பழங்கால வீரரா!" என்று சிரித்தாள். மெதுவாக நடந்தபோது திரையில் கோடு சமமாக இருந்தது, பாதிக்கு மேல் கொழுப்புதான் எரிகிறது என்றாள். சாய்வை ஏற்றினாள். கோடு சரிந்தது, கொழுப்பின் பங்கும் சரிந்தது. தசை சர்க்கரையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

நம் அடுப்பை நினைத்துக்கொள். கொழுப்பு பெரிய மரக்கட்டை. நிறைய இருக்கிறது, நெடுநேரம் எரியும், ஆனால் நிதானமாகத்தான் எரியும், அதே சூட்டுக்குக் கொஞ்சம் அதிகமாகக் காற்றும் கேட்கும். சர்க்கரை சுள்ளி. சட்டென்று பிடித்துக்கொள்ளும், சட்டென்று தீர்ந்தும் போகும். செங்குத்தான ஏற்றத்தில் வேகமாகப் போகிறவளுக்கு உடனே பெரிய தீ வேண்டும், அதைச் சுள்ளிதான் தரும். சுள்ளி தீர்ந்தால் கட்டை மட்டும் புகைந்துகொண்டு கிடக்கும். ஈரலில் இருக்கும் சர்க்கரையும் தீர்ந்துவிட்டால் மூளைக்கே பட்டினி, கண் இருட்டும், காரணமில்லாமல் அழுகை வரும், கால் சொன்னதைக் கேட்காது. உனக்கு மனசு பத்தாமல் போகவில்லை கண்ணு, சர்க்கரை பத்தாமல் போயிற்று. கட்டை நன்றாக எரியப் பழக வேண்டுமென்றால் தசைக்குள் மெல்லிய ரத்தக் குழாய்கள் கூட வேண்டும், வருகிற ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளத் தசை கற்க வேண்டும், அது மாதக்கணக்கில் நிதானமாக ஓடியும் வயிறாரச் சாப்பிட்டும் வருவது. பட்டினியால் வருவதில்லை. மாதவிலக்கு நின்றது உறுதியின் அடையாளமும் அல்ல, விறகு போதாமல் உடம்பு ஒவ்வோர் அறையாகக் கதவைச் சாத்துகிறது. இந்த வாரமே மருத்துவரைப் பார், ஒன்றையும் மறைக்காமல் சொல், மறைப்பது என்னோடு போகட்டும்.

போன வியாழக்கிழமை ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் காபிக் கூட்டத்தில் எழுந்து நின்று, மனசு பத்தாதவள் என்று உன்னைப் பற்றி நான் சொன்னது பொய், தப்பாக எடை போட்டது நான்தான் என்று சொன்னேன். "இதுக்குப் பதினாறு வருஷமாய்யா?" என்று ஒருவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. உன்னிடம் மன்னிப்பு கேட்டு அதற்கும் உன்னைப் பதில் எழுத வைப்பதாக இல்லை. மார்ச்சில் நீ ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, யாருக்கும் எதையும் முடித்துக் காட்ட வேண்டியதில்லை, எனக்குக் கொஞ்சமும் வேண்டியதில்லை.

அம்மா முத்தம் அனுப்பச் சொன்னாள், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக வருகிறது. நீ உடம்பு தேறி நெடுநாள் நன்றாக இரு, என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்று மட்டும் செய்து பார். வருகிற ஞாயிறு காலை ஓட்ஸ் கஞ்சி வயிறு நிறையக் குடித்து, ஒரு மணி நேரம் கழித்து ஓடப் புறப்படு, ஓடிக்கொண்டே எனக்குத் தொலைபேசி செய்து, இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சொல்லித் திட்டு. மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறை, திட்டுவதைக் குறைக்காதே.

அன்புடன்,
உன் அப்பா
ஓட்வார்