துரை கோட்டில் நிற்கிறான்

அன்புப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். போனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ம் என்கிறாய், சாப்பிட்டாயா என்றாலும் அதே ம்தான், அதனால் எழுதிக் கேட்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை, படி இறங்க ஐந்து நிமிஷம் ஆகிறது. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. எனக்கு இடுப்பு கழன்று விழாத குறை, அதற்குக் காரணம் உன் நாய்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகியும் சாயங்காலம் ஐந்தரை பஸ் சத்தம் கேட்டால் துரை நீ இறங்குகிறாய் என்று ரோட்டுக்கு ஓடுவதை விடவில்லை. வாடகை வீடு, சுற்றுச்சுவர் கட்ட வீட்டுக்காரர் விடமாட்டார், கட்டிப்போட்டால் கழுத்து புண்ணாகும் வரை இழுக்கிறான். போன மாதம் பால் வண்டிக்கு அடியிலேயே போய்விட்டான். டிரைவர் பிரேக் போட்ட வேகத்தில் தட்டுகள் சரிந்து ரோடெல்லாம் பால். அந்த மனுஷன் கத்தக்கூட இல்லை, இறங்கி வந்து, இது மூணாவது தடவைம்மா, அடுத்த தடவை நான் பிரேக் போட மாட்டேன், போட்டா என் வேலை போயிடும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரியே உனக்குப் போனில் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் நீ அந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலிப் பெட்டியை அனுப்பினாய். அனுப்பியது நீ, பாடம் நடத்தியது நான்.

எலக்ட்ரீஷியன் வந்து வீட்டைச் சுற்றி விரல் ஆழத்துக்கு ஒயர் புதைத்து, அதன் மேல் நாலடிக்கு ஒன்றாக வெள்ளைக் கொடி நட்டுவிட்டுப் போனார். துரை கழுத்தில் பட்டை. கொடிக்குப் பக்கத்தில் போனால் பட்டை கீச்சென்று கத்தும், மேலும் போனால் சுருக்கென்று ஷாக் அடிக்கும். காலை கால் மணி, மாலை கால் மணி அவனைக் கயிற்றில் பிடித்து ஒவ்வொரு கொடியாகக் கூட்டிப்போய், சத்தம் வந்ததும் பின்னால் இழுத்து, திரும்பினால் ஒரு துண்டு பிஸ்கட் கொடுக்க வேண்டும். உனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தபோதுகூட நான் இவ்வளவு தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தவில்லை. ஷாக் எப்படி இருக்கும் என்று அப்பா பட்டையைத் தன் மணிக்கட்டில் கட்டிப் பார்த்தார். சும்மா எறும்பு கடிச்ச மாதிரிதான் என்றார், கண்ணில் தண்ணீர் நின்றது.

இதற்குள் ஒரு பாவம் செய்துவிட்டோம், உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. ஒயரில் பத்து முழம் மிச்சம். வெட்டிவிடலாம் என்றார் எலக்ட்ரீஷியன். பாப்பா அனுப்பினதை வெட்டறதா, சுருட்டி உள்ளேயே வையுங்க என்று அப்பா பின்வாசல் படிக்கு அடியில் வைக்கச் சொல்லிவிட்டார். முதல் வாரம் பயிற்சி நேரத்தில் மட்டும் பட்டை, அதனால் ஒன்றும் தெரியவில்லை. எட்டாம் நாள் முழுநேரமும் கட்டினோம். அன்றிலிருந்து துரை சாப்பிட வரவில்லை. தட்டைப் பின்வாசலில் வைத்து வா வா என்று நான் கூப்பிட, அவன் தூரத்தில் நின்று வாலை ஆட்டுகிறான், பக்கத்தில் வருகிறான், ஊளையிட்டு ஓடுகிறான். கொழுப்பு என்று திட்டினேன். மூன்றாம் நாள் கால்நடை டாக்டர் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தார், பட்டை கத்தியது. சுருட்டி வைத்த ஒயரும் வேலிதானாம். பட்டையைக் கழற்றியதும் ஓடிவந்து தட்டை நக்கி நக்கிச் சாப்பிட்டான். கூப்பிட்டுக் கூப்பிட்டு மூன்று நாள் அவனுக்கு ஷாக் கொடுத்திருக்கிறேன் பாப்பா. அப்பா கட்டிங் பிளேயரை எடுத்துவந்து, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தானே நின்று வெட்டவைத்தார். அன்று எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். நேற்றோடு மூன்று வாரம். நேற்று கயிறில்லாமல் விட்டுப் பார்த்தேன். பால் வண்டி போனது, பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்தரை பஸ் வந்தது. பாய்ந்து ஓடினான், எனக்கு உயிரே போய்விட்டது, கொடிக்கு ஒரு முழம் முன்னால் நின்றான். ஒரு காலைத் தூக்கியபடி, உடம்பெல்லாம் நடுங்க, இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பஸ் போனதும் திரும்பி வந்து என் காலடியில் படுத்துவிட்டான். பிஸ்கட் கொடுத்தேன், வாங்கவில்லை. அதான் கத்துக்கிட்டானே, அப்புறம் ஏன் அழறே என்றார் அப்பா. நான் பிஸ்கட்டை டப்பாவில் திரும்பப் போட்டேன்.

பட்டைக்குப் பேட்டரி அனுப்பு, இங்கே கிடைக்கவில்லை. இன்னொன்று. கொடிக் கோட்டுக்கு வெளியே நின்று ஆசை காட்டி ஒரு தடவை கூப்பிட்டாலும் படித்ததெல்லாம் போய்விடுமாம், பெட்டியோடு வந்த தாளில் போட்டிருக்கிறது. அதனால் வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்கி அங்கேயே நின்று கூப்பிடாதே, நீதான் உள்ளே வரவேண்டும். டிக்கெட் எடுக்காமல் போனில் வரேன்டா துரை என்றும் சொல்லாதே. போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதும் அவன் கயிற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு கோட்டுக்கு ஓடிப்போய் நின்றான், ஐந்தரை பஸ் போகும் வரை அசையவில்லை. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு உன் அப்பாவும் பக்கத்தில் போய் நின்றார்.

எந்தக் குறையும் உன்னை அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நூறு வயது இரு.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா